எலியாவுக்கு ரொட்டி கொண்டுபோன காக்கை

மழையே காணாத வருஷம். ராஜாவுக்குப் பயந்து ஆற்றோரம் ஒளிந்திருந்த தீர்க்கதரிசி எலியாவுக்கு ரொட்டி கொண்டுபோகும்படி கர்த்தர் உத்தரவு போட்டார். யாருக்கு? பிறந்ததிலிருந்து திருடியே தின்ற காக்கைக்கு! ஒட்டிய வயிற்றோடு, ஒரு துணுக்குகூட விழுங்காமல், பெண்டாட்டியும் கூடப் பறந்துவர, ரொட்டியை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தது காக்கை. எலியா சட்டென்று குனிந்தார்.

“கல்லெடுக்கிறான்டி, பற!” என்று அலறியது காக்கை.

“இருய்யா. கண்ணை மூடிக்கிட்டா எவனாவது கல்லெடுப்பான்?” என்றது பெண்டாட்டி.

முழங்காலில் நின்ற எலியா, “கர்த்தாவே, கொண்டுவந்தவனுக்கும் பசிக்குமே” என்றார். பிறகு ரொட்டியைப் பிட்டு, பாதியை நீட்டினார்.

காக்கைக்குப் பிடுங்கத் தெரியும். கொடுத்தால் வாங்கத் தெரியாது. அவரே ஊட்டிவிடும்வரை, கூட்டுக் குஞ்சு மாதிரி அலகைத் திறந்தபடி அப்படியே நின்றது.