மீசை மயிர்கூடத் தெரியணும்

“பளபளப்பு வேண்டவே வேண்டாம் தம்பி. இருக்கறதுலயே சொரசொரப்பான பேப்பரா பாத்துப் போடு.”

கிரிஸ்பினுக்குச் சுருக்கென்றது. புருஷனை இன்னும் புதைக்கக்கூட இல்லை. அதற்குள் பெர்லா அக்கா பேப்பரில் கறார் பேசுகிறாள்!

இலோய்லோ ஊரில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிற படம் என்றால் கிரிஸ்பின் ஸ்டூடியோதான். அவன் கையால் ஒருமுறை பளபளக்காமல் அந்த ஊரில் யாரும் பரலோகம் போனதில்லை.

“அக்கா, சொரசொரப்புல போட்டா கோணிப்பை மேல அச்சடிச்ச மாதிரி இருக்கும். கிளாஸி பேப்பர்ல பாருங்க, மீசை மயிரைக்கூட எண்ணிடலாம்.”

“உயிரோட இருந்தப்பவே நான் எண்ணல. இப்ப எண்ணி என்ன பண்ணப் போறேன்?”

போனை நீட்டினாள். அதில் அவள் புருஷன் ரோக்கே கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார். பூப்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, வாயெல்லாம் பல்.

“வேற படம் இல்லையா?”

“மத்ததுலயெல்லாம் கையில பாட்டில். பாதிரியார் முன்னாடி அதையா வைக்கறது?”

“சரி, கம்ப்யூட்டர்ல போட்டு லேசா மெருகேத்தி...”

“ஒண்ணும் நோண்டாதே. பத்தடி தள்ளி நின்னு பாத்தா ரோக்கேன்னு தெரியணும். அது போதும்.”

போய்விட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கிரிஸ்பினுக்கு மனசு ஆறவில்லை. அக்கரைத் தீவுக்குப் படகு ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய மனுஷன். ஊருக்கே சிரிப்புக் காட்டியவர். அவருக்குக் கோணிப்பையா? பொம்பளை மனசு இப்படியா கல்லாகும்?

‘அவ சொன்னா சொல்லட்டும். இது நான் செய்யற மரியாதை’ என்று இருப்பதிலேயே உசத்தியான கிளாஸி தாளை எடுத்து மெஷினில் சொருகினான்.

சாயங்காலம் படத்தை அவனே எடுத்துக்கொண்டு போனான். கூடத்தில் பெட்டி. வாசலில் மேஜை மேஜையாகச் சீட்டுக் கச்சேரி. செத்தவர் வீட்டில் சீட்டாடாவிட்டால் செத்தவர் கோபித்துக்கொள்வார் என்பதுபோல் மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் படத்தை நிறுத்தினான். டியூப்லைட் வெளிச்சத்தில் ரோக்கே ஜொலித்தார்.

“அடேயப்பா! இப்பவே எழுந்து வந்து சீட்டைக் கலைச்சிடுவான்போல இருக்கே!”

ஆட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டம் கூடியது. பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை நோக்கிக் குனிந்தார்.

உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள் பெர்லா. படத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

“பாவம், தாங்க முடியல அவளுக்கு” என்றார்கள் சீட்டுக்காரர்கள்.

‘எல்லாம் பேப்பர் செய்யற வேலை’ என்று கிரிஸ்பினும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவன் சட்டையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போனாள் பெர்லா.

“சொரசொரப்புன்னு சொன்னேனா இல்லையா?”

“அக்கா, உங்களுக்கு அவர் மேல பாசம் இல்லாம இருக்கலாம். அதுக்காக...”

“கண்ணாடியைப் பாரு.”

“எந்தக் கண்ணாடி?”

“அவன் மூக்கு மேல இருக்கே, அது!”

பார்த்தான். கறுப்புக் கண்ணாடிக்குள் கடல் தெரிந்தது. கடலுக்கு முன்னால், போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிற ஒரு பெண். மஞ்சள் நீச்சலுடை. உதட்டைக் குவித்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளாஸி பேப்பர் எதையும் விட்டுவைக்கவில்லை. முகவாயில் இருந்த மச்சம் உட்பட.

“இது... நீங்களா அக்கா?”

“அந்த டிரெஸ்ல என்னோட ஒரு கால்தான் நுழையும்.”

கிரிஸ்பின் படத்தைத் தன் கையில் வாங்கி இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான்.

“நேத்து அழுகை தாங்காம, மூஞ்சியைக் கிட்டக்கப் பாக்கலாம்னு போன்ல இழுத்து இழுத்துப் பெருசு பண்ணேன். அதுக்கப்புறம் அழுகை வரல” என்றாள் பெர்லா.

“இவ்வளவு பண்ணியும் அவர் மானத்தைக் காப்பாத்தறீங்களே!”

“அவனுக்கு மானம் ஒண்ணுதான் கேடு! சொகுசா பெட்டியில படுத்துட்டான். லுஸ்வி புருஷன் நாளைக்குக் கப்பல்லேர்ந்து வந்து இறங்கறான். முன்கோபி. வந்ததும் இந்தப் படத்துக்கு முன்னாடிதான் மண்டி போடுவான்.”

“லுஸ்வி யாரு?”

பெர்லா பதில் சொல்வதற்குள் சமையலறைக் கதவு திறந்தது. கோழிக்கஞ்சிக் கிண்ணத்தோடு ஒரு பெண் வந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. முகவாயில் ஒரு மச்சம்.

“அக்கா, காலையிலேர்ந்து பட்டினி கிடக்கறே. என் கண்ணுல்ல, ஒரு வாய் வாங்கிக்கோ.”

பெர்லா தங்கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

ஊட்டிக்கொண்டே லுஸ்வி கேட்டாள். “அத்தான் படத்தை ஏன்க்கா எடுத்துட்டு வந்துட்டே? நல்லா இல்லையா?”

எட்டிப் பார்க்க வந்தவளிடமிருந்து படத்தை வெடுக்கென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான் கிரிஸ்பின்.

“மட்டமான பேப்பருங்க” என்றான். “ஒரு மண்ணும் தெரியல.”