மூன்றாம் வார்டு காலியாகிறது

மருத்துவமனைப் பதிவறைக் கணினித் திரையில் மதிய வெயில் பட்டுக் கண் கூசுகிறது. வார்டுப் பதிவேட்டையும் குறுஞ்செய்தி மென்பொருளையும் பதிவாளர் அக்கா காலையில்தான் இணைத்தாள். நிரல் எதுவும் எழுதவில்லை, திரையில் பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்தாள், அவ்வளவுதான். நோயாளி இறந்து கட்டில் காலியானால் வீட்டுக்கு இரங்கல் செய்தி போக வேண்டும். ‘இறந்து’ என்ற நிபந்தனை மட்டும் விட்டுப்போயிற்று. இப்போது சுவருக்குப் பெயின்ட் அடிக்க மூன்றாம் வார்டையே மாடிக்கு மாற்றுகிறார்கள்; கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் கைபேசியை நீட்டுகிறார். “தம்பி போயிட்டான்னு வந்திருக்கும்மா. இப்பத்தானே வெந்நீர் கேட்டான்?” “ஐயோ, இல்லண்ணே! மாடியில நல்லா இருக்காரு!” அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறாள். வட்டம் சுழல்கிறது. அனுப்பியவை பதினேழு, பதினெட்டு என்று ஏறுகிறது. தாழ்வாரத்துப் பெஞ்சில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவின் பைக்குள் கைபேசி சிணுங்குகிறது. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்.