காசிமின் பெட்டி

வளைவில் கார்ச் சத்தம் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

தாராவி ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருந்த ஜெயினுலாப்தீன் தெருவை எட்டிப் பார்த்தார். சயான் பக்கம் திரும்பும் இடம் அது. எந்தக் கிறுக்கனும் அங்கே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பான். மகன் காசிம் கிறுக்கன் இல்லை.

எஞ்சின் இன்னும் கத்தியது.

பெட்டிதான். அவர் அன்றைக்கே சொன்னார், அது வேண்டாமென்று.

குர்லா பழைய இரும்புக் கடையில், நொறுங்கிப்போன வெளிநாட்டுக் காரிலிருந்து காசிம் கழற்றி வந்த கம்ப்யூட்டர் பெட்டி. பழைய ஃபியட்டில் சிலிண்டருக்கு ஒன்றாக, காற்றை உள்ளே விடும் நாலு த்ராட்டில் வாய் வைத்து, அதோடு இதைக் கோத்திருந்தான். எந்த வாய்க்கு எவ்வளவு பெட்ரோல் என்று பெட்டியே முடிவு செய்யுமாம். கண்ணும் காதும் இல்லாத தகரம்!

ஒரு வாரமாகக் காதில் ரப்பர் குழாயை வைத்து, ஒவ்வொரு வாயும் மூச்சிழுப்பதைக் கேட்டுக் கேட்டு, அதனதன் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான்.

"ஃபிகர் மத் கரோ வாப்பா, கவலப்படாதீய. இது ஒங்களவிட நல்லா வேலை பாக்கும்" என்று சிரித்துவிட்டுத்தான் இப்போது ஓட்டிப் பார்க்கப் போனான்.

சட்டென்று சத்தம் நின்றது.

அதுதான் இன்னும் மோசம்.

ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே போயிற்று. யா அல்லா, கை காலாவது மிஞ்சட்டும்.

பானை ஏற்றிய கைவண்டிக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றிருந்தது. வண்டிக்காரன் இந்தியில் காசிமின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தான். காசிம் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தான். உதடு வெளுத்துப் போயிருந்தது.

"காலை எடுத்துட்டேன் வாப்பா. அது மூடவே இல்ல. சாவியை அணைச்சுதான் நிறுத்துனேன்."

"எறங்காதலே. நான் பாக்கேன்."

பானெட்டைத் தூக்கினார். நாலு த்ராட்டிலையும் ஒன்றாகத் திறந்து மூடும் கம்பியில் என்னவோ சுற்றி இறுகியிருந்தது.

அவர் தேடவில்லை. கை நேராக அங்கேதான் போயிற்று.

பிய்த்து இழுத்தார். நாலு தகடும் டக்கென்று மூடிக்கொண்டன.

"டப்பாதான, வாப்பா?" உள்ளேயிருந்து காசிம் கேட்டான். "நீங்க சொன்னீய. நாந்தான் கேக்கல. கழட்டித் தூரப் போட்டுரட்டா?"

பானெட் மறைவில் ஜெயினுலாப்தீன் கையை விரித்துப் பார்த்தார்.

பச்சைக் கயிறு. தர்காவில் ஓதி வாங்கியது. காலையில் காசிம் குளிக்கப் போன நேரத்தில், அந்தப் பெட்டிக்குப் பயந்து, மகனைக் காப்பாற்ற அந்தக் கம்பியருகே அவரே கட்டியது. மூன்று முடிச்சு.

கையை மூடிக்கொண்டார்.

"போட்டுருலே" என்றார்.