நீலத்தில் ஒரு வண்டி

சுனாமிக்கு ஆறு வருடம் கழித்து, போர்ட் பிளேர் அவசர உதவி அறைக்கு, அழைப்பவரின் இடத்தை வரைபடத்தில் காட்டும் கணினி வந்தது. சௌமியா எடுத்த முதல் அழைப்பே பிரசவ வலி. கணினி காட்டிய இடமோ மின்னி பே கரைக்கு அப்பால், நடுக்கடல். கடல் என்றால் படகுதான் அனுப்ப வேண்டும். அது போய்ச்சேர இரண்டு மணி நேரமாகும். போனில் சேவல் கூவியது. கடலில் ஏது சேவல், வரைபடம்தான் தப்பு என்று அவள் ஊரைக் கேட்டு ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டாள்.

திரையில் வண்டிப் புள்ளி கரையைத் தாண்டி நீலத்துக்குள் போயிற்று.

“நாகராஜண்ணே, எங்க இருக்கீங்க?” என்று டிரைவரை வயர்லெஸ்ஸில் கேட்டாள்.

“ரோட்டுலதான்மா. ஏக்தம் பக்கா ரோடு, ரெண்டு பக்கமும் தென்னை. பொண்ண ஏத்தியாச்சு. மாமியாரும் ஏறிக்கிட்டாங்க, சொன்னா கேட்டாத்தானே.”

திரும்பி வந்த புள்ளி பாதியில் நின்றது.

“ஏண்ணே நிக்கிறீங்க?”

“மாடு படுத்திருக்கும்மா. எந்திரிக்க மாட்டேங்குது.”

அப்போதே வயர்லெஸ்ஸில் குழந்தை வீரிட்டு அழுதது. புள்ளி இன்னும் கரையேறவில்லை.