ஹெட்போனா, ஸ்பீக்கரா

கௌசலா வாங்கப்போகும் கணினி லாபிரின் கடை மேசையில் இன்னும் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. வவுனியா பசார் வீதியின் பின்னேர வெயில் கதவு வழியே வந்து மதர்போர்ட்டின் பச்சையில் மினுங்குகிறது. அனிமேஷனும் செய்ய வேண்டும், கார் கேமும் ஓட வேண்டும், காசோ மட்டுமட்டு.

"கேமுக்கு இந்தக் கார்ட் காணும், தங்கச்சி. அனிமேஷன் கெதியாச் செய்ய ரெண்டு ராம் போடுங்கோ. ஸ்பீக்கரை விட்டிட்டு ஹெட்போன் எடுத்தாச் சரிவரும். வீட்டாக்களுக்கும் கரைச்சல் இல்லை," என்கிறார் லாபிர். கௌசலா ஒரு ராமை விரல் நுனியால் மெல்ல அவர் பக்கம் தள்ளிவிடுகிறாள்.

"ஒண்டு போதும், லாபிர் நானா. ஸ்பீக்கரைத் தாங்கோ. வீட்டில இப்ப நான் மட்டும்தான்."

"ஒரு படம் செய்து முடிய விடிஞ்சிடும்."

"விடியட்டும்."

லாபிர் ஸ்பீக்கர்களைத் தன் கணினியில் பொருத்தி கேமைப் போட்டுக் காட்டுகிறார். கார் ஒன்று கடை முழுக்க உறுமிக்கொண்டு ஓடுகிறது. அவர் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டுகிறார்.

"குறைக்காதேங்கோ, நானா. குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டாலும் கேக்குமோ எண்டு பாக்கிறன்."

வெறும் அட்டைப் பெட்டிகளைத் தாண்டிப் பின்சுவர்வரை போய், முதுகைக் காட்டி நிற்கிறாள். வீட்டு முன்னறையில் யாரோ விளையாடிக்கொண்டிருப்பதுபோல், திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே நிற்கிறாள்.