குசினிப் போன்

யோகமலர் மாமி போனை ஒட்டுக் கேக்கிறவ எண்டது ரொறொன்ரோ வோபர்னில பாதிச் சனத்துக்குத் தெரியும்.

அந்த வீட்டில ஒரு லைன், ரெண்டு போன். ஒண்டு மேல அறையில, மற்றது கீழ சமைக்கிற குசினியில. மேல ஆராவது கதைக்கத் தொடங்கினா "டிக்" எண்டு ஒரு சத்தம் கேக்கும். மாமி குசினிப் போனை எடுத்திட்டா எண்டு அர்த்தம்.

மகன் பிரசாந் மாமியை ஊரிலயிருந்து பொன்சர் பண்ணிக் கனடாவுக்கு எடுத்தது தொண்ணூத்திநாலில. வந்து மூண்டாம் மாசமே ஒட்டுக் கேக்கிறதில கெட்டிக்காரியாயிட்டா. ஒருக்கா நவரட்ணத்தார் தன்ர மகளுக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றிப் பிரசாந்தோட போனில ரகசியமாக் கதைச்சுக்கொண்டிருக்கிறார். இடையில ஒரு குரல், "பெடியனுக்குத் தலையில மயிர் இருக்கோ எண்டு கேள் தம்பி!"

நவரட்ணத்தார் போனைப் போட்டிட்டார். ஆனா கலியாணம் நடந்தது, பிக்கரிங்கில வீடும் வாங்கிட்டினம். மயிர் இல்லைத்தான். அது வேற கதை.

எங்க விட்டனான்? ஓம், பிரசாந்தின்ர மனுசி கௌசி. அவ கிழமைக்கொருக்கா தவமணி எண்டொரு கவுன்சிலரோட போனில கதைக்கிறா.

தவமணிக்குப் பார்க்டேலில கந்தோர். சண்டைக்குள்ள இருந்து வந்து மனம் நொந்த சனத்தை ஆத்தித் தேத்திறது அவவின்ர வேலை. முந்தி எல்லாரையும் நேரிலதான் வரச் சொல்றவ. அந்தக் கட்டட வாசல்ல ஒரு செக்யூரிட்டிக்காரன், யூனிபோமும் தொப்பியுமா நிப்பான். நல்ல பெடியன், பிள்ளை தள்ளுற ஸ்ரோலரைக் கண்டா ஓடி வந்து கதவு திறப்பான். ஆனா எங்கட சனம் அந்தத் தொப்பியைக் கண்ட உடன அப்படியே பஸ் ஸ்ரொப்புக்குத் திரும்பிடும்.

பாத்துப் பாத்து தவமணி சொல்லிட்டா, "நீங்க வரவேண்டாம். போனுக்குள்ளால நான் வாறன்."

அண்டைக்கும் கௌசி கதைக்கத் தொடங்க, "டிக்."

"கௌசி, பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"

"இல்லை அக்கா. நான் மட்டும்தான்."

"சரி. விருப்பமானதை மட்டும் சொல்லுங்கோ. போதுமெண்டா நிப்பாட்டலாம். எல்லாம் உங்கட கையில."

எங்க நடந்தது, எப்ப நடந்தது எண்டு தவமணி ஒருநாளும் தோண்டமாட்டா. தானாச் சொன்னாக் கேப்பா.

"ஆசுப்பத்திரிக்கு ஹெலிகொப்டர் போகுதெல்லே அக்கா, அந்தச் சத்தம் கேட்டா பாஸ்போட்டையும் நகையையும் ஒரு பையில போட்டுக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுறன். குளிக்கிற ரப்புக்குள்ள குனிஞ்சு இருக்கிறன், பங்கருக்குள்ள இருக்கிற மாதிரி. சத்தம் போனாலும் எழும்ப ஏலாது. இரவில நித்திரையும் இல்லை. இது விசரோ அக்கா?"

"இல்லவே இல்லை. அது உங்களைக் காப்பாத்த உங்கட உடம்பு பழகின பழக்கம். காப்பாத்தியும் இருக்கு. இப்ப அதுக்கு, 'இது ரொறொன்ரோ, இஞ்ச குண்டு விழாது' எண்டு நாங்கள் ஆறுதலாச் சொல்லிக் குடுக்கவேணும். நாள் பிடிக்கும், ஆனா கேக்கும். கேட்டு எழும்பின ஆக்களை நான் கண்டிருக்கிறன்."

"ஓம் அக்கா."

"ரெண்டு காலையும் நிலத்தில நல்லா ஊண்டுங்கோ. முன்னுக்கு என்ன தெரியுது?"

"ஜன்னல். வெளியில ஸ்னோ."

"இப்ப மூச்சை ஆறுதலா வெளியில விடுங்கோ."

லைனில ரெண்டு மூச்சுக் கேட்டுது. ஒண்டு கௌசியின்ர. மற்றது கொஞ்சம் கனமா, பின்னால பிறசர் குக்கர் விசிலோட.

தவமணிக்குக் கோவம் ஏறிட்டுது. வீட்டில ஒரு மாமியார் இருக்கிறா எண்டு அவவுக்குத் தெரியும். ஒரு பிள்ளை நெஞ்சைத் திறந்து காட்டேக்க, மனுசி பருப்பு அவிச்சுக்கொண்டு கேக்கிறாவே! நாளைக்குக் கோயில்ல, "என்ர மருமோள் விசர் டொக்டரோட கதைக்கிறாள்" எண்டு சொல்ல எவ்வளவு நேரம்?

"கௌசி, ஆரோ கேக்கினம். இது பிழை. இனிப் போன் வேண்டாம். நேரில வாங்கோ, நானே பின்கதவால கூட்டிக்கொண்டு போறன்."

"எனக்குப் போன்தான் அக்கா வேணும்."

"ஏலாது. ஒட்டுக் கேக்கிற லைனில நான் கதைக்கமாட்டன். இண்டையோட நிப்பாட்டுவம்."

"ஐயோ, நிப்பாட்டிப் போடாதையும் பிள்ளை!"

குசினிப் போன்தான்.

"நீர் சொல்ற மாதிரி மூச்சு விட்டாத்தான் நான் கொஞ்சமாவது கண்ணை மூடுறன். முந்தநாள் ஹெலி போகேக்க, பையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் வாசலோட நிண்டிட்டன். உள்ளுக்குப் போகேல்லை பிள்ளை. ரப்புக்குள்ள போகேல்லை! இப்ப நிப்பாட்டினா நான் எங்க போவன்?"

தவமணி றிசீவரை மற்றக் காதுக்கு மாத்தினா.

"கௌசி... கேட்டியளோ?"

"கேட்டனான் அக்கா. இதுக்குத்தானே இவ்வளவு நாளும் காத்துக்கொண்டிருந்தனான்."

"அப்ப உங்கட பயம்?"

"எனக்கென்ன பயம்? எண்பத்துமூண்டுக் கலவரத்துக்கு முந்தியே அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வந்திட்டார். சண்டை ஹெலியை நான் ரீவியிலதான் பாத்தனான். மாமியை உங்களிட்ட வாங்கோ எண்டு நானும் இவரும் கேட்டுக் களைச்சுப் போனம். 'எனக்கென்ன விசரோ' எண்டு ஒரே பேச்சு. ஆனா நான் போனில கதைச்சா, மாமி கேக்காம விடமாட்டா எண்டு தெரியும்."

"எடி கள்ளி!" எண்டது குசினிப் போன்.

"டிக்."

இந்த முறை போனை வைச்சது கௌசி, மாமியையும் தவமணியையும் லைனில விட்டிட்டு.