இந்தப் பக்கத்துத் தக்காளி

செம்பட்டிக்குத் தெற்கே மாயம்மாளின் தக்காளித் தோட்டத்தில் காலை வெயில் சாய்வாக இறங்குகிறது. நடு வரப்பில் பாலிஷ் போட்ட ஷூவில் சேறு அப்ப நிற்கிறான் பாண்டியராஜ், பூச்சிமருந்துக் கம்பெனி ஆபீசர். வரப்புக்கு இந்தப் பாதி அவன் மருந்தில் விளைகிறது. அந்தப் பாதியில் செருப்பில்லாமல் நிற்கும் தமிழ்மதி அவனோடு வேளாண் கல்லூரியில் படித்தவள். மாயம்மாளுக்கு மருந்தில்லா விவசாயம் சொல்லித்தருகிறாள். ‘மண்ணுக்குக் கேடு செய்யும் வேலைக்குப் போகமாட்டேன்’ என்று பட்டமளிப்பு நாளில் மேடையேறி உறுதிமொழி வாசித்தவன் என்னவோ பாண்டியராஜ்தான். கடைசி வரிசையில் நின்று அதைத் திருப்பி முணுமுணுத்தவள் அவள். மாயம்மாள் அந்தப் பாதியில் ஒரு பழத்தைப் பறித்து, முந்தானையில்கூடத் துடைக்காமல், “தின்னு தாயி” என்று தமிழ்மதி கையில் திணிக்கிறாள். அவள் கடித்ததும் சாறு முழங்கை வரை ஒழுகுகிறது. மாயம்மாள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். பாண்டியராஜுக்கு வயிறு எரிகிறது. மூன்று வருஷமாக அவனுக்கு மட்டும் வெறும் “வாங்க சார்”தான். தன் பக்கத்துச் செடியில் சிவந்து தொங்கும் பழத்தைத் தானே பறித்து வாய்க்குக் கொண்டுபோகிறான். மாயம்மாள் பதறி ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிடுகிறாள். “திங்காத அப்பு! நேத்துத்தான் ஒம் மருந்த அடிச்சேன். அது சந்தைக்குப் போறது.”